அங்கே அரியர் கிடையாது! ஜெர்மனியில் படிக்கும் தமிழக மாணவியின் ஒரு நாள்

"பொண்ணு ஜெர்மனியில எம்.எஸ் படிக்கிறா. அங்க ஃபீஸே கிடையாதாம்!" கல்யாண வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

பேச்சில் பொய் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று முதலிடம் இந்தியர்களுக்குத்தான். 2023-24 குளிர்காலப் பருவத்தில் மட்டும் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் அங்கே படித்தார்கள். ஆனால், கட்டணம் இல்லாத அந்தப் படிப்புக்கு ஒரு மாணவி தினமும் என்ன கொடுக்கிறார் என்பது வீட்டுக்குத் தெரிவதில்லை.

பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஆஹன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் தமிழகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1959ல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி தொடங்கப்பட்டபோது துணை நின்ற பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. இங்கே பி.இ முடித்துவிட்டு, போன அக்டோபரில் அங்கே முதுநிலை சேர்ந்த ஒரு மாணவி. பெயர் வேண்டாம். முதல் வருடத்தில் இருக்கும் பலரின் நாள் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. நாள்: தைப் பொங்கல்.

அதிகாலை 4.30: போனில் பொங்கும் பானை

அலாரம் அடிக்கும்போது நம் ஊரில் காலை 9 மணி. குளிர்காலத்தில் இரண்டு நாடுகளுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கோலம், கரும்பு, பொங்கி வழியும் பானை என்று படங்கள் குவிந்திருக்கின்றன. ஒரு ஹார்ட் போட்டுவிட்டு, இரண்டு ஸ்வெட்டர், ஒரு ஜாக்கெட் சகிதம் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறார். விடிய எட்டரை ஆகும்.

5 மணிக்கு பார்சல் குடோனில் ஷிஃப்ட். பெல்ட்டில் வரும் பெட்டிகளை ஊர் வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். ஜெர்மன் மொழி சரளமாக வராதவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான். 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. 4 மணி நேரத்துக்கு சுமார் 55 யூரோ, நம் கணக்கில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இஷ்டத்துக்கு வேலை பார்க்க முடியாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். இல்லையென்றால், வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் என்ற கணக்கு.

காலை 9.00: 992 யூரோ கணக்கு

ரூமுக்குத் திரும்பிக் குளித்து, பிரெட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி பஸ். போகும் வழியில் மனதுக்குள் கணக்கு ஓடுகிறது.

விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். சுமார் 12 லட்சம் ரூபாய். பலருக்கு அது அப்பா வாங்கிய கல்விக் கடன். அந்தப் பணத்தை அங்கே போனதும் மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதில் அறை வாடகை 400 யூரோ போகிறது, மருத்துவக் காப்பீடு 140ஐத் தாண்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் பருவக் கட்டணத்துக்கும் எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்தில்தான் சாப்பாடு, போன், குளிர்காலத் துணி எல்லாம். ஒரு வருடத்தில் அக்கவுன்ட் காலி. இரண்டாம் வருடப் பணம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் அந்த அதிகாலை ஷிஃப்ட்.

10.30க்கு வகுப்பு. பெரும்பாலான பாடங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை. வந்தாலும் வராவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். லெக்சர் முடிந்ததும் மாணவர்கள் கை தட்டாமல், மேசையை முஷ்டியால் தட்டுகிறார்கள். அதுதான் அங்கே பாராட்டு. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நம் மாணவி அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்.

மதியம் 12.30: இரண்டு நிமிட வீடியோ கால்

பல்கலைக்கழக கேன்டீனுக்கு மென்சா என்று பெயர். மாணவர் விலையில் வயிறு நிறையும். ஆனால், தட்டில் இருப்பது உருளைக்கிழங்கும் பாஸ்தாவும். வீட்டில் அப்போது மாலை 5 மணி. அம்மா வீடியோ காலில் வருகிறார்.

"சாப்பிட்டியாம்மா? பொங்கல் வச்சீங்களா?"

"சாப்பிட்டேம்மா. ரூம்ல வச்சோம். நல்லா இருக்கேன்."

பொங்கல் வைக்கவில்லை. இன்று அங்கே விடுமுறையும் இல்லை. நல்ல நாள் அதுவுமாக ஏன் வருத்தப்பட வைக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பொய். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கால் கட்.

மதியம் 3.00: பெரிய பயம்

லைப்ரரியில் லேப்டாப்பைத் திறந்தால் தேர்வுப் பட்டியல். பிப்ரவரியில் முதல் செமஸ்டர் தேர்வுகள் தொடங்குகின்றன. பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் அந்த ஒரே தேர்வில்தான். நம் ஊர் மாதிரி இன்டர்னல் மார்க் கைகொடுக்காது.

நம் பொறியியல் கல்லூரிகளில் 'அரியர்' என்பது சகஜமான வார்த்தை. விட்டதை அடுத்த செமஸ்டரிலோ அதற்கடுத்ததிலோ எழுதி கிளியர் பண்ணிக்கொள்ளலாம். ஜெர்மனியில் நிலைமை வேறு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால், அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. படிப்பு போனால் விசாவும் ஆட்டம் காணும். கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

பிப்ரவரி வரை ஷிஃப்டுக்குப் போனால் படிப்பு கெடும். நிறுத்தினால் கையிருப்பு கரையும். எதை விடுவது? இருபத்து மூன்று வயதில் இந்த முடிவைத் தனியாக எடுக்கிறார். வீட்டில் யாருக்கும் அந்த மூன்று வாய்ப்பு விதி தெரியாது.

மாலை 5.00: பாட்டில் கொடுத்தால் காசு

இதற்குள் இருட்டிவிட்டது. வழியில் சூப்பர் மார்க்கெட். காலி பிளாஸ்டிக் பாட்டிலை அங்கிருக்கும் மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். எட்டு பாட்டில் போட்டால் 2 யூரோ. அரிசி, பருப்பு, தயிர் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வைக்கப் பழகிவிட்டார்.

பொதுச் சமையலறையில் தாளிப்பது ஒரு சாகசம். மிளகாய் கருகினால் புகை அலாரம் அலறும். இட்லி மாவு இந்தக் குளிரில் புளிக்காது, ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் பக்கத்து அறையிலிருந்து புகார் வரும். 10 முதல் காலை 6 வரை அங்கே அமைதி நேரம்.

இன்று ரூம்மேட் விஜயவாடாப் பெண்ணோடு சேர்ந்து கடைசியில் பொங்கல் வைத்தேவிட்டார்கள். பானைக்குப் பதில் பிரஷர் குக்கர், வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை. மதியம் அம்மாவிடம் சொன்ன பொய், ராத்திரி ஏழு மணிக்கு உண்மையாகிவிட்டது!

இரவு 11.00: வீடு தூங்கும் நேரம்

சாப்பிட்டு, ஜெர்மன் பயிற்சி எழுதி, பாடம் படித்து நிமிர்ந்தால் மணி பதினொன்று. இப்போதுதான் பேச நேரமும் மனசும் இருக்கிறது. ஆனால், வீட்டில் அதிகாலை மூன்றரை. எல்லோரும் உறக்கத்தில். தனிமை அதிகம் கடிப்பது இந்த நேரத்தில்தான் என்பதை வெளிநாட்டில் படித்த யாரும் சொல்வார்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* தினமும் இரண்டு நிமிடம் பேசுவதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒருநாள் அவர்களுக்குத் தோதான நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்களின் ஞாயிறு காலை 10, நமக்குக் குளிர்காலத்தில் மதியம் இரண்டரை.

* 'சாப்பிட்டியா' என்பதோடு, 'எந்தத் தேர்வு கஷ்டமா இருக்கு? இது எத்தனையாவது வாய்ப்பு?' என்றும் கேளுங்கள். தயாராகாத தேர்விலிருந்து, குறித்த தேதிக்குள் பெயரை விலக்கிக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. ஒரு பாடத்தைத் தள்ளிப்போடுவது தோல்வி அல்ல.

* இரண்டாம் வருடச் செலவுக்கு, பகுதி நேர வேலையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் செமஸ்டர் முழுவதும் வேலை இல்லாமல் சமாளிக்கும் அளவுக்காவது கையில் இருந்தால், படிப்பு தப்பிக்கும்.

* மனநல ஆலோசனை, தேர்வு ஆலோசனை இரண்டும் பல்கலைக்கழகங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. போகத் தயங்கும் பிள்ளையை நீங்களே போகச் சொல்லுங்கள்.

படிப்பை முடித்துவிட்டால், வேலை தேட 18 மாதங்கள் வரை தங்க ஜெர்மனி அனுமதி தருகிறது. அந்த நம்பிக்கையில்தான் இத்தனை ஓட்டமும்.

தூங்கப்போகும் முன் குக்கர் பொங்கலை ஒரு போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போடுகிறார் நம் மாணவி. கீழே ஒரு வரி: 'அம்மா, ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் பேசணும். எக்ஸாம் பத்தி.'

நாளை அவருக்கு ஷிஃப்ட் இல்லை. எட்டு மணி வரை தூங்கலாம். மாட்டுப் பொங்கல் படங்கள் அதுவரை போனில் காத்திருக்கும்.