பொன்னிற மருந்தும் மஞ்சள் பல்லும்

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் என்று ஓர் ஊர். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் விளையும் மலை. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

இத்தகைய மலையூரில் ஒருவருக்கு நடுநிசியில் கடைவாய்ப் பல் குடைந்தால் என்ன செய்வார்? கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வார். உப்பு நீரில் வாய் கொப்பளிப்பார். விடிந்ததும் ஏற்காடு போக வேண்டும். அங்கே முடியாத வேலை என்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு! “போன தடவை வாங்கின மாத்திரையிலே நாலு மிச்சம் இருக்குதே, அதைப் போட்டுக்கிட்டா என்ன?” என்று வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள். வலியும் இரண்டொரு நாளில் தணிந்துவிடும். பிறகு சேலமாவது, டாக்டராவது!

மலையில் மட்டும்தானா இப்படி? மயிலாப்பூரிலும் மதுரையிலும் இதே கதைதான். ஆனால் பட்டணத்தில் தவறு நேர்ந்தால் பல் டாக்டர் அடுத்த தெருவில் இருப்பார். மலையூரில் அப்படி இல்லை. ஆகவே அந்த நாலு மாத்திரைகளைப் பற்றிச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்து எட்டாத இடம்

பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் மருந்தியல் படிக்கிறார்கள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று நெட்டுருப் போட்டால் மட்டும் போதாது. மருந்து எங்கே போய்ச் சேரும், எங்கே சேராது என்பதையும் அவர்கள் உணர வேண்டும்.

விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து, ரத்தம் ஓடும் இடத்துக்கெல்லாம் போகிறது. சொத்தை முற்றிய பல்லிலோ, உள்ளேயிருக்கும் சதை செத்துப்போய்விடுகிறது. அங்கே ரத்த ஓட்டமே கிடையாது. பிறகு மருந்து எப்படிப் போகும்? வேருக்கு வெளியே பரவிய கிருமிகளில் சில மடியும், வலி அடங்கும். கிருமிகளின் கோட்டை மட்டும் பல்லுக்குள் பத்திரமாக இருக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடியும் படையெடுப்பு!

அதனால்தான், பல்லுக்கு உரிய சிகிச்சை உடனே கிடைக்குமானால் பெரும்பாலான பல்வலிக்கும் பல்லைச் சுற்றிய வீக்கத்துக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019ல் வழிகாட்டியது. சீழை வெளியேற்றுவது, வேர்ச் சிகிச்சை செய்வது, முடியாவிட்டால் பல்லைப் பிடுங்குவது, இவைதாம் உண்மையான வைத்தியம்.

போலீஸ்காரர் பட்ட பாடு

அப்படியானால் ஆன்டிபயாடிக் வீண் மருந்தா? அல்லவே அல்ல! 1928ல் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் லண்டனில் பென்ஸிலினைக் கண்டுபிடித்தார். ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரியும் செயினும் அதை மருந்தாக்க முனைந்தனர். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அது கொடுக்கப்பட்டது. முகமெல்லாம் சீழ் பிடித்துச் சாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15ந் தேதி அவர் மாண்டார்.

கிருமி தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்கிறது. பென்ஸிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. மனித உடலின் அணுக்களுக்குச் சுவர் இல்லை. ஆகையால் கிருமி சாகிறது, மனிதன் பிழைக்கிறான். 1970களில் வந்து இன்று பல் டாக்டர்கள் மிகுதியாக எழுதிக் கொடுக்கும் அமாக்ஸிஸிலினும் இதே குடும்பம்தான்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. பென்ஸிலினைச் சிதைக்கும் பொருள் ஒன்றைச் சில கிருமிகள் சுரப்பதை 1940லேயே ஏப்ரகாமும் செயினும் கண்டு சொன்னார்கள். குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று 1945ல் நோபல் பரிசு பெற்ற வேளையில் ஃப்ளெமிங்கும் எச்சரித்தார். மிச்சம் இருந்த நாலு மாத்திரையை விழுங்குவது, கிருமிக்குப் பயிற்சிப் பள்ளி நடத்துவதற்குச் சமம்!

சென்னையில் படித்தவர்

பல்லுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் இன்னொரு உறவு உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது.

பீமவரத்தில் 1895ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் அணிந்து சென்றதால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். தான் அவருக்குக் கிடைத்தது. 1923ல் அமெரிக்கா சென்றார். பின்னர் லெடர்லே ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமையை ஏற்றார். அங்கே தாவர விஞ்ஞானி பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1948ல் வந்த மருந்துதான் ஆரியோமைஸின். அந்த நுண்ணுயிர் பொன்னிறமாய் இருந்ததால் பெயரிலும் பொன் சேர்ந்தது. டெட்ராஸைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது.

எத்தனையோ உயிர்களை அது காத்தது. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள்! இந்தக் குடும்பத்து மருந்துகள், வளரும் பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தால், குழந்தையின் பல் மஞ்சளாகி, வெளிச்சம் படப்படப் பழுப்பேறுகிறது. தேய்த்தாலும் போகாது. இந்தச் செய்தி மருத்துவ ஏடுகளில் 1956ல் வெளிவந்தது. சுப்பாராவ் அதை அறியவில்லை. 1948 ஆகஸ்டிலேயே அவர் காலமாகிவிட்டார். அவர் பயின்ற கல்லூரியில் 1953ல் பல் மருத்துவப் பகுதி தொடங்கியது. அதுவே இன்று தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி.

எதிர்பாராத லாபம்

தீமை மட்டுமா எதிர்பாராமல் வரும்? மெட்ரோனிடஸோல் என்ற மருந்து பெண்களுக்கு வரும் ஒரு தொற்றுக்காக உபயோகத்துக்கு வந்தது. லண்டனில் ஒரு நோயாளிக்கு அதைக் கொடுத்தபோது, அவருடைய ஈறுப் புண்ணும் ஆறிவிட்டது! 1962ல் ஷின் என்பவர் இதை வெளியிட்டார். காற்றில்லாத இடுக்கில் வாழும் கிருமிகளை அது கொல்கிறது. ஈறு இடுக்கு அத்தகைய இடமே.

ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவருக்கு மெட்ரோனிடஸோல் கொடுத்தால், வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தப்போக்கு நேரலாம். ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபைன் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். எலும்புக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகளைப் பெற்றவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு செத்துப்போவதை 2003ல் மருத்துவர்கள் முதன்முதலாக எடுத்துக் கூறினர்.

2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஆகவே மலையூர்ப் பாட்டியானாலும் பல் டாக்டரிடம் போகும்போது தாம் உண்ணும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

எப்போது தாமதம் கூடாது?

கன்னமோ தாடையின் அடியோ வீங்கி, ஜுரம் வந்து, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவும் கஷ்டப்பட்டால், அது வெறும் பல்வலி அல்ல. நாக்கின் கீழ் பரவும் இந்தச் சீழ் மூச்சுக் குழலை அடைத்துவிடும். 1836ல் ஜெர்மன் டாக்டர் லுட்விக் இதை வர்ணித்தார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இப்போது பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், காலத்தில் வந்தால்! அந்த வேளையில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஆன்டிபயாடிக் அட்டைகளில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். 2014 மார்ச் முதல், வீரியமிக்க பல மருந்துகளை விற்கும் கடைக்காரர்கள் தனிப் பதிவேடு வைத்து, அதை மூன்று வருஷம் காக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் வீட்டுப் பரணில் கிடக்கும் நாலு மாத்திரைக்கு எந்தச் சட்டமும் காவல் இருக்க முடியாது. அதற்கு வீட்டாரேதான் காவல். தாடை வீங்கி ஆபத்து வரும் அன்று கைகொடுக்க வேண்டிய மருந்தை, சொத்தைப் பல்லுக்காக வீணாக்கலாமா?