எல்லாம் ஏற்பாடு செய்தாயிற்று

பெரம்பலூரில் ஒருவர், அரியலூரில் ஒருவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். முதல் தடவையாக இருவரும் வெளிநாடு கிளம்புகிறார்கள்: சிங்கப்பூர், நான்கு பகல், மூன்று இரவு. விசா, டிக்கெட், ஓட்டல், வேன், இந்தியச் சாப்பாடு எல்லாம் பேக்கேஜில் அடக்கம். “பெட்டியைத் தூக்கிட்டு வந்தா போதும் சார், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்கிறார் ஏஜென்ட். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் பெரிய ஏற்பாடுகளில் பலவும் அவர் கைக்கு எட்டாதவை.

பாஸ்போர்ட்டிலேயே ஆரம்பிக்கலாம். புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடங்கள். இயந்திரம் படிப்பதற்கான வரிகள் இவை. இதில் பிறந்த தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக எழுதி, பக்கத்தில் ஏழாவதாக ஓர் இலக்கம் சேர்ப்பார்கள். அது சும்மா வந்ததல்ல. 1947 ஆகஸ்ட் 15 என்றால் 470815. இந்த இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 113 வரும். அதன் கடைசி இலக்கமான 3தான் காவல் இலக்கம். இயந்திரம் 5ஐ 6 என்று தவறாகப் படித்துவிட்டால் கூட்டல் 114 ஆகிவிடும்; கணக்கு உதைக்கும்; ‘மறுபடி காட்டு’ என்று கேட்கும். எந்த ஓர் இலக்கம் மாறினாலும் அகப்பட்டுவிடும்படிதான் 7, 3, 1 தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. பாஸ்போர்ட் எண்ணுக்கும் காலாவதித் தேதிக்கும் இதேபோல் தனித்தனிக் காவல் உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் வரிசையில் நம் நண்பர்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் பலர் வேலைக்குப் போகிற இளைஞர்கள். அவர்களுக்கும் இது முதல் வெளிநாட்டுப் பயணமாக இருக்கலாம். ஆனால் பேக்கேஜ் கிடையாது, கடன் இருக்கும். ஒரே விமானம், ஒரே காற்று.

அந்தக் காற்றைச் சொல்ல வேண்டும். விமானம் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி. காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசி. அங்கே மனிதன் சில நிமிடம்கூட நினைவோடு இருக்க முடியாது. அதனால் பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு பங்கைப் பிரித்தெடுக்கிறார்கள். எஞ்சின் அழுத்திய அழுத்தத்தில் அந்தப் பனிக்காற்று கொதிநீரைவிடச் சூடாகிவிடுகிறது. அதைக் குளிர்வித்துத்தான் நம் தலைக்கு மேல் உள்ள துளை வழியே விடுகிறார்கள். ஆனால் தரையில் உள்ள அளவுக்கு அழுத்தத்தை ஏற்றினால் விமானத்தின் உடம்பு அதிகம் விறைக்கும். அதைத் தாங்க எடை கூட வேண்டும். எனவே ஒரு சமரசம்: உள்ளே இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. ஆக, நம் நண்பர்கள் ஏறத்தாழ ஊட்டி உயரத்தில், தொட்டபெட்டாவுக்குக் கீழே எங்கோ உட்கார்ந்துதான் வங்கக்கடலைக் கடக்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட் உப்பிப்போவது இதனால்தான். காற்று மிக வறண்டதும்கூட. மணப்பாறை முறுக்கு நமுத்துப்போகாது. நாக்குதான் மந்தமாகும். ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் விமானச் சூழலை உருவாக்கிச் சோதித்ததில் உப்பும் இனிப்பும் சப்பென்று ஆவதும், புளிப்பும் கசப்பும் அவ்வளவாகக் குறையாததும் தெரியவந்தது. புளியோதரை கட்டிக்கொண்டு போகும் நம் வழக்கத்துக்கு விஞ்ஞானம் ஆதரவு.

இனி ஜன்னலுக்கு வெளியே. இந்தக் கடலை அரியலூர்ப் பக்கத்து மனிதர்கள் கடப்பது புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025 வாக்கில் கடாரம் வரை போய்வந்தது. போவதும் வருவதும் பருவக்காற்றின் சொற்படி. இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கீழே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது என்று பலரும் தூங்கிவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் உலகிலேயே பெரிய கடலடி வண்டல் விசிறி கிடக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டிய சேறு, வங்கதேசக் கரையிலிருந்து தெற்கே சுமார் 3,000 கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. பாதி வழியை நெருங்கும்போது, கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையில், அந்தச் சமவெளியிலிருந்து ஒரு மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. வடக்குத் தெற்காக, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக, ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். உலகின் மிக நேரான, மிக நீளமான மலைத்தொடர்களில் இது ஒன்று. முழுவதும் கடலுக்கடியில் இருப்பதால் யாரும் சுற்றுலா போவதில்லை.

இதை வரைந்தது யார்? தெற்கே அண்டார்டிக்கா பக்கம் கெர்கேலன் என்றொரு தீவு உண்டு. அந்தப் பகுதியின் அடியாழத்தில் ஒரு வெப்ப ஊற்று நெடுங்காலமாகக் கனன்றுகொண்டிருக்கிறது. அதன் மேலாக நிலத்தட்டு நகர்ந்தபோது, அந்தந்தக் காலத்தில் ஊற்றுக்கு மேலே இருந்த இடத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி மேடானது. தட்டு வடக்கே நகர நகர, மேடுகள் வரிசையாகக் கோடாயின. அதாவது இந்தியா தெற்கேயிருந்து வடக்கே வந்த வழித்தடம்தான் அந்த மலைத்தொடர். 1988இல் ஓர் ஆய்வுக் கப்பல் அதைப் பல இடங்களில் துளைத்துப் பாறை எடுத்தது. தென்கோடிப் பாறைக்கு வயது நாலு கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். வடக்கே, நம் விமானம் கடக்கும் பகுதிக்கு அருகே, சுமார் எட்டுக் கோடி.

எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் என்ன செய்துகொண்டிருந்தது? கடலுக்குள் இருந்தது, அதுவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெகு தொலைவில். அதற்கு முந்தைய காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிக்காவோடு ஒட்டியிருந்தது. சுமார் பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் பிளந்தன. அந்தப் பிளவில்தான் வங்கக்கடலே பிறந்தது. பிளவின் விளிம்பில் தாழ்ந்த காவிரிப் படுகைக்குள் கடல் ஏறி வந்தது. அம்மோனைட், சிப்பி, நத்தை எல்லாம் அதில் வாழ்ந்து அடியில் படிந்தன. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் சேகரித்து அனுப்பிய இந்தப் புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து வெளியிட்டார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், அந்தக் கடல் விழுங்கிய மரம். அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலின் அடித்தளம். நண்பர்கள் இருவரும் முதல் தடவையாகக் கடல் கடக்கிறார்கள். அவர்கள் ஊர் மண்ணோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்தது.

விமானம் இறங்க ஆரம்பித்ததும் காது அடைக்கும். ஏறும்போது அவ்வளவாகப் படுத்தாத காது இறங்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது? நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் வெளிநோக்கி எளிதாகத் திறக்கும், உள்நோக்கி அப்படியல்ல. ஏறும்போது செவிக்குள் விரியும் காற்று தானே வழி செய்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, குழாயின் மென்மையான வாயை அழுத்தி மூடிவிடும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ தசை இழுத்துத் திறக்கும். ஆகவே இறங்கும் நேரத்தில் தூங்கவேண்டாம்; ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தால் போதும்.

சாங்கியில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் வைக்கச் சொல்வார்கள். இதில் சூரியனின் பங்கு எவ்வளவு? பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகைதான். அரியலூர்க்காரர் சுமார் முக்கால் நிமிடம் முன்னதாகச் சூரியனைப் பார்த்துவிடுகிறார். அரியலூருக்கும் சிங்கப்பூருக்கும் கிட்டத்தட்ட 25 பாகை. அதாவது ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி ஐம்பது நிமிடம் அரசாங்கங்கள் சேர்த்தது.

நாம் சேர்த்தது குறைவு. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியிருந்த பழைய மெட்ராஸ் நேரம் போய், 1906இல் ஐந்தரை மணி என்ற இந்திய நேரம் வந்தது. ஒன்பது நிமிட வித்தியாசம். சிங்கப்பூர்தான் விளையாடித் தீர்த்தது. 1905இல் கிரீன்விச்சைவிட 7 மணி முன். 1933இல் இருபது நிமிடம் கூட்டி, 1941இல் ஏழரை ஆக்கினார்கள். 1942இல் ஜப்பான் பிடித்ததும் டோக்கியோ நேரப்படி 9 மணி. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. கடைசியில் மலேசியா தன் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்தபோது, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் எட்டுக்கு மாறியது. விளைவு, அங்கே ஆண்டு முழுவதும் விடியல் ஏழு மணியை ஒட்டித்தான்.

நண்பர்களுக்குத் தொல்லை இங்கேதான். நம் உடம்பின் உள்கடிகாரம் இயல்பிலேயே 24 மணிக்குச் சற்று நீளமாக ஓடுவது. தாமதமாகத் தூங்குவது அதற்கு எளிது, சீக்கிரம் தூங்குவது கடினம். கிழக்கே போனால் சீக்கிரம் தூங்க வேண்டும். ஊரில் பத்து மணிக்குப் படுப்பவருக்கு அங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தான் கண் சொருகும். பேக்கேஜ் அட்டவணையோ காலை ஆறு மணிக்கு வேக்கப் கால், ஏழரைக்கு வேன் என்கிறது. ஆறு மணி என்பது உடம்புக்கு மூன்றரை மணி, வெளியே கும்மிருட்டு. உள்கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் நல்ல மருந்து, உடம்பின் பின்னிரவு கழிந்த பிறகு கண்ணில் படும் காலை வெளிச்சம். சிங்கப்பூர்க் கணக்கில் அது எட்டு மணிக்கு மேல் கிடைப்பது.

பாஸ்போர்ட்டின் காவல் இலக்கத்திலிருந்து விமானத்தின் காற்றுவரை எல்லாம் கச்சிதமாக இருக்க, ஏஜென்ட் தன் கையால் போடும் முதல் நாள் அட்டவணைதான் சறுக்குகிறது. சுற்றுலா நடத்துகிறவர்களே, முதல் நாள் மட்டும் வேனை ஒன்பதரைக்கு வையுங்கள். எட்டு மணிக்கு ஓட்டல் வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து, இருவரையும் அரைமணி நேரம் நடக்கவிடுங்கள்.