பத்துக்குப் பத்து அறையில் ஒலிப்பதிவுக் கூடம்

பாடல் இல்லாத தொடக்க வகுப்பறை உண்டா? நாமே மெட்டமைத்துப் பாடிய பாடலைப் பதிவுசெய்து ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டால், வகுப்பே சேர்ந்து பாடுகிறது. ஆனால் அந்தப் பதிவில் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றுபோலக் கேட்டால் கடைசி வரிசைக் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் குழந்தைகள் எழுத்தில் பார்ப்பதற்கு முன் காதால்தான் பிடிக்கிறார்கள். ஆகவே ஒலிப்பதிவின் தெளிவு நமக்கு அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல, கற்றல் சார்ந்தது.

நடுநிலைப் பள்ளி ஆசிரியரான நான், நான்கு ஆண்டுகளாக என் வீட்டின் பத்துக்குப் பத்து அடி அறையில் பாடல்களைப் பதிவுசெய்து வருகிறேன். "நல்ல மைக் எது சார்? எவ்வளவு ஆகும்?" என்றுதான் சக ஆசிரியர்கள் முதலில் கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் அறை, அடுத்து தூரம், கடைசியில்தான் கருவி.

அறை ஏன் முதலில்?

எதிரொலியைத் தனியாகக் கேட்க, எதிரொலிக்கும் பரப்பு சுமார் 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று ஒலி பற்றிய பாடத்தில் நடத்துகிறோம். வீட்டு அறையில் அத்தனை தூரம் இல்லை. ஆனால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி பாய்கிறது. பத்தடி அறையில் அது ஒரு நொடிக்குள் நூறு முறைக்கு மேல் சுவருக்குச் சுவர் மோதிவிடும். இதுவே எதிர்முழக்கம். முன் எழுத்தின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்து அதன்மேல் விழுகிறது. உயிரொலி ஓங்கி நீடிப்பது. மெய்யொலி மெலிந்து, சட்டென்று முடிவது. அதனால் முதலில் மங்குவது மெய்யெழுத்துகள்தாம்.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில், பேசுபவரின் சொற்கள் விளங்கவே இல்லை. ஒருமுறை எழுந்த ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. 1895இல் இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தைகள் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். கட்டட ஒலியியல் என்னும் துறை இரவல் மெத்தைகளில் தொடங்கியது!

நம் அறையிலும் அதே மருந்துதான். அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டல் ஓய்ந்த பிறகும் 'ணிங்' என்று ஒரு நடுக்கம் கேட்டால் அறை தயாராகவில்லை என்று பொருள். பாடுபவருக்குப் பின்னால் கொடியில் இரண்டு கனமான போர்வைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும். மீண்டும் தட்டிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். முட்டை அட்டைகளை ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எடையில்லாத அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது. வெளிச்சத்தத்திற்குக் கதவிடுக்கை அடைப்பதும் சரியான நேரத்தைத் தேர்வதுமே வழி.

மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி இரண்டையும் நிறுத்துங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். எங்கள் தெருவில் பிற்பகல் இரண்டு முதல் மூன்றரை வரை அமைதியாக இருக்கும். உங்கள் தெருவின் அமைதி நேரத்தை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாண் தூரம்

வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் போதும். தூரம் இரு மடங்கானால் நேரடியாக வந்துசேரும் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். அறையின் முழக்கமோ அப்படியே இருக்கும். எனவே தள்ளி நின்று பாடினால் குரலைவிட அறையே மிகுதியாகப் பதிவாகும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால், 'ப' போன்ற எழுத்துகளின் காற்று அதில் மோதாது. எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையில் வைப்பது இன்னும் நல்லது. பறை, தவில் போன்றவை இதற்கு விதிவிலக்கு. அவற்றைச் சிறிய அறைக்குள் பதிவுசெய்ய வேண்டாம். திறந்தவெளியில் ஏழெட்டு அடி தள்ளி மைக் வைப்பதே சிறப்பு.

என்ன வாங்கலாம்?

நான் தொடங்கியபோது கையிலிருந்தது கைபேசி மட்டுமே. கம்பியுள்ள காலர் மைக் 900 ரூபாய், கைபேசித் தாங்கி 350 ரூபாய், காதை முழுதும் மூடும் ஹெட்போன் 1,200 ரூபாய் என மொத்தம் 2,450 ரூபாய் செலவானது. ஹெட்போனைத் தவிர்க்க வேண்டாம். குறையைக் கேட்டறிய முடியாதபோது திருத்தவும் முடியாது.

அடுத்த படிக்குச் செல்வோர் இரு வகை மைக்குகளை அறிந்திருப்பது நல்லது. டைனமிக் மைக்கில் காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் தூண்டப்படுகிறது. இது மின்காந்தத் தூண்டலேதான். கண்டென்சர் மைக் மின்தேக்கி முறையில் இயங்குவது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். பாடகர்கள் பயன்படுத்தும் பெரிய கண்டென்சர் மைக்குகள் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. தயார் செய்யாத அறையில் அது தெருச் சத்தத்தையும் சேர்த்தே பிடிக்கும். அதனால்தான் கருவியைக் கடைசியில் வைத்தேன்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆடாசிட்டி கட்டற்ற மென்பொருள். பள்ளிக் கணினியிலும் இயங்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் என்று அமைத்தால் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 5 எம்.பி. இருக்கும். மூலப் பதிவை வேவ் கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு மட்டும் எம்.பி.3 ஆக்குங்கள். பதிவின் தொடக்கத்தில் பத்து நொடி யாரும் பேசாத அமைதியைப் பதிவுசெய்தால் இரைச்சலை நீக்க அது மாதிரியாகப் பயன்படும். அளவு மீறி நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

இசை சேர்க்க, முதலில் ஹெட்போனில் சுருதியை மட்டும் கேட்டபடி குரலைப் பதிவுசெய்யுங்கள். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே கஞ்சிராவோ ஆர்மோனியமோ தனித்தடத்தில் வாசிக்கலாம். குரல் தடத்தின் தொடக்கத்தில் எண்ணிக் கைதட்டிவிட்டால், வாசிப்பவரும் அதனுடன் சேர்ந்து தட்டலாம். பின்னர் இரு தட்டல்களையும் ஒரே நேர்கோட்டில் நகர்த்தினால் தாளம் பொருந்திவிடும்.

குழந்தைகளின் காது

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாடலை ஹெட்போனில் கேட்டுவிட்டு, "சார், நான் 'மளை'ன்னு பாடியிருக்கேன். இன்னொரு தடவை பாடட்டுமா?" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் காதே அவளுக்குச் சொன்னது. மூன்றாவது முறை 'மழை' சரியாகப் பொழிந்தது. முழக்கம் நிறைந்த பதிவில் அந்தப் பிழை அவளுக்குக் கேட்டிருக்காது.

எங்கள் ஊரில் நடவு இயந்திரம் வந்தபின் நடவுப் பாட்டு பாடும் வேளையே குறைந்துவிட்டது. பாடத் தெரிந்த மூதாட்டி ஒருவரை மாணவர்கள் அழைத்துவந்து பதிவுசெய்தார்கள். மறுநாள் வகுப்பில் அதைக் கேட்ட ஒருவன், "குள்ளக்காருன்னா என்ன சார்?" என்றான். அது ஒரு பாரம்பரிய நெல் வகை. மாலையில் அந்த ஆயாவிடமே போய் விவரம் கேட்டு எழுதிவந்தார்கள். அந்தச் சொல் தெளிவாகப் பதிவாகியிருந்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது.

இத்தகைய பதிவுகளில் பாடியவரின் ஒப்புதலைப் பெற்று, பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கோப்புடன் எழுதி வையுங்கள். குழந்தைகளின் குரலை வெளியே பகிர்வதானால் பெற்றோரின் அனுமதி அவசியம்.

எதையும் வாங்கும் முன், இந்த வார இறுதியில் உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் கைதட்டிப் பாருங்கள். முழக்கம் குறைந்த அறையில் 'பல்லி, பள்ளி' என்று பதிவுசெய்து, திங்கட்கிழமை வகுப்பில் ஒலிக்கவிடுங்கள். கடைசி வரிசை சரியாகப் பிரித்துச் சொன்னால் உங்கள் கூடம் தயார்.