163 பேரிடம் கேட்ட விலை

ஒரு காற்றாலையை நட்டால் 25 ஆண்டுகளாவது ஓட வேண்டும். போட்ட முதல் திரும்புமா என்பது அந்தக் காலம் முழுக்க ஆற்றல் என்ன விலைக்குப் போகும் என்பதைப் பொறுத்தது. பழைய விலைகளை வரைபடத்தில் குறித்துக் கோட்டை அப்படியே நீட்டிப் பார்க்கலாம். ஆனால் 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இப்படி மடங்கும் கோட்டை எந்தப் பக்கம் நீட்டுவது? அதனால்தான் துறையில் ஊறியவர்களைத் தேடிப் போகிறார்கள்.

கேட்பதற்கும் முறை உண்டு. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால், மூத்தவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1950களில் உருவாக்கிய டெல்ஃபி முறையில் ஒவ்வொருவரிடமும் தனியாக எழுதி வாங்குவார்கள். பெயரை மறைத்து அந்த மதிப்பீடுகளை எல்லோருக்கும் காட்டி, மறுபடி கேட்பார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோஜர் குக் வல்லுநர்களுக்கே தேர்வு வைத்தார். விடை தெரிந்த கேள்விகளைக் கலந்து கொடுத்து, அவற்றில் யார் தேறுகிறாரோ அவர் சொல்லுக்கு அதிக எடை தந்தார். அவர் ஒற்றை எண்ணோடு நிற்கவில்லை. 'இதற்குக் கீழே இறங்க நூற்றில் ஐந்து பங்கு வாய்ப்பு, இதற்கு மேலே ஏற ஐந்து பங்கு' என்று இரண்டு எல்லைகளையும் கேட்டார். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தங்களுக்குத் தெரியாதது எவ்வளவு என்பதைக் குறைத்து எடைபோட்டு, எல்லைகளை நெருக்கி வைத்துவிடுகிறார்கள்.

காற்றாலை மின்சாரத்தில் இது கண்முன்னே நடந்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ரயன் வைசர் தலைமையிலான குழு, 2015இல் 163 வல்லுநர்களிடம் கேட்டது. அவர்களிடம் கேட்டது சந்தை விலையை அல்ல, ஓர் அலகு மின்சாரத்தின் அடக்க விலையை. 2050க்குள் அது 35 முதல் 41 விழுக்காடு குறையும் என்பது அவர்களுடைய நடுத்தர மதிப்பீடு. பாதிக்கு மேல் குறையப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாகவும் சொன்னார்கள். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 2020இல், 140 பேரிடம் மீண்டும் கேட்டபோது, 2050க்கான அடக்க விலை முன்பு சொன்னதில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் விசிறிகள் நீண்டு, கோபுரங்கள் உயர்ந்து, கடல் காற்றாலை ஏலங்களில் விலை சரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, வல்லுநர்களைக் கேட்பதே வீண் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் தரும் நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லைகளைக் கிழித்துப் போடுவதுதான் தவறு. 'பத்தில் ஒரு பங்கு' என்று ஓரத்தில் எழுதியிருந்த வரியைப் பெரிதாக எடுத்திருந்தவருக்கு அந்த வீழ்ச்சி அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

இந்த எச்சரிக்கை இரண்டு பக்கமும் செல்லும். 2020க்குப் பிறகு எஃகு விலையும் வட்டியும் ஏறின. 2023 செப்டம்பரில் பிரிட்டன் நடத்திய ஏலத்தில், அரசு வைத்த உச்ச விலைக்குக் கடல் காற்றாலை அமைக்க ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நியூஜெர்சி கடலில் எழுப்பவிருந்த இரண்டு பெரிய காற்றாலைத் திட்டங்களை டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனம் கைவிட்டது.