வைப்பர் நின்றால் முதலில் வயரைப் பாருங்கள்

2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, கேரளத்தின் முனம்பத்திலிருந்து கடலுக்குப் போன 'ஓஷியானிக்' விசைப்படகைக் கப்பல் ஒன்று மோதிவிட்டுப் போனது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் குமரி மாவட்டத்து இராமன்துறைக்காரர்கள். அந்த விபத்துக்கும் வைப்பருக்கும் தொடர்பு இல்லை. ஆனால் குளச்சல், தேங்காய்ப்பட்டினம், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து போகும் படகுகள் கப்பல் பாதையை ஒட்டித் தொழில் செய்கிறவரை, வீல்ஹவுஸின் முன்கண்ணாடி தெளிவாகத் தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை அதன் சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான் ஓட்டுநர் கணிக்கிறார். மழையும் உப்புச்சாரலும் படிந்த கண்ணாடியில் இரண்டும் ஒரே மங்கலாகிவிடும். கடலில் மோதலைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளில் 5ஆம் விதி, எப்போதும் கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்கிறது. கப்பலுக்கு மட்டுமல்ல, படகுக்கும் அதே விதிதான்.

வைப்பர் நின்றுவிட்டால் "மோட்டார் போச்சு" என்று சொல்லிப் புதிது மாட்டுவது வழக்கமாகிவிட்டது. படகில் மோட்டாரைவிட முந்திக் கெடுவது வயரின் இணைப்புதான். உப்பு ஈரம் செம்புக் கம்பிக்குள் ஏறிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். வெளியே இன்சுலேஷன் டேப் நன்றாக இருக்கும், பிரித்தால் உள்ளே கம்பி பொடியாக உதிரும். டேப் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைப்பதால் சேதம் இன்னும் கூடுகிறது.

இதில் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறுவது உண்டு. மோட்டார் பிளக்கைக் கழற்றி வயரில் அளந்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் களிம்பு பிடித்த கம்பிகூட அதைக் கடத்திவிடும். மோட்டாரை இணைத்து, சுவிட்சைப் போட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். பாட்டரி முனையில் 12.5 இருந்து மோட்டாரிடம் 9 அல்லது 10 மட்டும் வந்தால் மோட்டார் மேல் பழி போட வேண்டாம், வழியில்தான் திருட்டு. அடுத்து, சுவிட்ச் போட்டபடியே மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை மோட்டாரின் எர்த் முனையிலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் வயர் கெட்டிருக்கிறது. பல படகுகளில் பிழை இங்கேதான் இருக்கும்.

காரணம் எளிது. நாம் மாட்டுவது பெரும்பாலும் கார், லாரி மோட்டார். வண்டியில் அதன் உடம்பே இரும்புப் பாடி வழியாக எர்த் எடுத்துக்கொள்ளும். மரப்படகிலும் ஃபைபர் படகிலும் அந்த வசதி கிடையாது, பாட்டரி நெகட்டிவ் வரை தனி வயர் இழுத்தாக வேண்டும். ஸ்டீல் படகில் உடம்பையே எர்த்தாக வைத்தால் வைப்பர் ஓடத்தான் செய்யும். ஆனால் கசியும் மின்சாரம் நீருக்குக் கீழே உள்ள இரும்பை அரித்துத் தின்னும். அங்கேயும் தனி வயரே வேண்டும். 24 வோல்ட் படகில் 12 வோல்ட் மோட்டாருக்கு ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு பாட்டரி எப்போதும் குறைச்சலாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டுமே சீக்கிரம் வீணாகும்.

சுவிட்சை அணைத்ததும் பிளேடு ஓரத்துக்குப் போகாமல் நடுக்கண்ணாடியிலேயே நின்றால், அதைத் திருப்பிக் கொண்டுபோகும் பார்க்கிங் வயரைப் பாருங்கள். அதில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும்.

மிகவும் கவலைப்பட வேண்டியது பியூஸ். உப்புக் கட்டிப் பிளேடு இறுகினால் மோட்டார் சுற்ற முடியாமல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பியூஸ் போகும். அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் அடுத்த முறை எரிவது வயர்தான், கரையிலிருந்து பல மைல் தொலைவில், டீசலும் கேஸ் அடுப்பும் உள்ள படகில். எத்தனை அவசரமானாலும் இதைச் செய்யாதீர்கள். அதே அளவு பியூஸ் நாலைந்து கையிருப்பில் இருக்கட்டும்.

மாற்றும்போது ஈயம் பூசிய செம்பு வயரையே கேட்டு வாங்குங்கள், வெட்டிப் பார்த்தால் இழைகள் வெள்ளியாய்த் தெரியும். மோட்டாருக்குள் நுழையும் முன் வயர் சற்றுத் தொங்கி ஏறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை உள்ள தடைக்காலம் இந்த வேலைக்குத் தோதானது. தடை முடிந்து இறங்கும்போதும் மழை விட்டிருக்காது.

போலி வயரையோ மட்டமான மோட்டாரையோ விற்றாலும், பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகப் பழுது பார்த்தாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்கு உதவும். "படகு வியாபாரத்துக்கு, நீங்கள் நுகர்வோர் அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. அதைத் துணிந்து எடுத்துச் சொல்லுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொச்சியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கப்பல் மோதினால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குத் தகவல் போக வேண்டும், ஜிபிஎஸ் இடமும் நேரமும் உடனே எழுதிவைக்கப்பட வேண்டும். 2017ஆம் ஆண்டு கடல்சார் உரிமைகோரல் சட்டத்தின்படி சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் கப்பலையே பிடித்து நிறுத்த உத்தரவிட முடியும். அப்போது நம் படகில் கண்காணிப்பு எப்படி இருந்தது என்ற கேள்வியும் வரும். வைப்பர் வேலை பார்த்த பில் அங்கேயும் கைகொடுக்கும். ஆகவே பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் மோட்டாரின் எண், வோல்ட், உத்தரவாதக் காலம் எழுதச் சொல்லுங்கள். கெட்டுப்போன பழைய மோட்டாரைக் கடையில் விட்டுவராதீர்கள், எரிந்த வயர்த்துண்டோடு அதையும் வீட்டில் எடுத்து வையுங்கள். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் கையில் இருக்க வேண்டியது அதுதான்.