பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் கல்வி

பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக நிலையான பணி பெறுவதற்குரிய தகுதி, பல்கலைக்கழகம் வழங்கும் முதுநிலைப் பட்டம் ஆகும். ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களை ஒருவரே கற்பிப்பதால் இவர் வகுப்பாசிரியர் என அழைக்கப்படுகிறார். குழந்தைகள் ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்கின்றனர். எழுத்தும் எண்ணும் கற்பிப்பவர் ஆய்வேடு எழுதித் தேறியிருக்க வேண்டும் என்பதே இம்முறையின் தனித்தன்மை. நெடுங்காலமாக விவாதிக்கப்படுவதும் அதுவே.

வரலாறு

பின்னிய மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முதற் பள்ளி 1863 இல் யுவாஸ்குலா நகரில் தொடங்கப்பட்டது. அதன் முதல்வர் ஊனோ சிக்னேயுஸ், பின்லாந்துத் தொடக்கக் கல்வியின் தந்தை எனக் கருதப்படுபவர். மரவேலை போன்ற கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாக்கியவரும் இவரே. இப்பள்ளி 1934 இல் கல்வியியல் கல்லூரியாகவும் 1966 இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது.

அக்காலத்தில் மாணவர்கள் ஏறத்தாழ பதினொரு வயதிலேயே இரு வழிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் உயர்கல்விக்கு இட்டுச்செல்லும் பள்ளிகளுக்குச் சென்றனர். ஏனையோர் மக்கள் பள்ளியிலேயே படிப்பை முடித்தனர். இரு வகைப் பள்ளிகளின் ஆசிரியர்களும் வெவ்வேறு இடங்களில் பயின்றவர்கள். 1968 ஆம் ஆண்டுச் சட்டம் இப்பிரிவினையை நீக்கி, அனைவருக்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளிக்கு வழிவகுத்தது. புதிய பள்ளி 1972 இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி, 1977 இல் தலைநகர்ப் பகுதியை எட்டியது. எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமரும்போது, அவர்களுக்குக் கற்பிப்போரின் படிப்பில் மட்டும் ஏற்றத்தாழ்வு இருப்பது பொருந்தவில்லை. எனவே 1970களின் முதற்பாதியில் ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டது. 1979 இல் வகுப்பாசிரியர் படிப்பு முதுநிலைப் பட்டமாக உயர்த்தப்பட்டது.

மாணவர் தெரிவு

இப்படிப்பில் சேரக் கடும் போட்டி நிலவியது. விண்ணப்பித்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இடம் கிடைத்த ஆண்டுகள் உண்டு. 2007 முதல் பல்கலைக்கழகங்கள் பல இணைந்து வாக்கவா என்னும் பொது நுழைவுத் தேர்வை நடத்தின. கல்வியியல் கட்டுரைகள் சில, தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னரே வெளியிடப்பட்டன. அவற்றைப் புரிந்துகொண்ட விதமே சோதிக்கப்பட்டது. இதில் தேறியவர்கள் நேர்காணல் போன்ற தகுதிகாண் கட்டத்தைக் கடந்தனர். 2010களின் பிற்பகுதியில் விண்ணப்பங்கள் குறையத் தொடங்கின.

பாடத்திட்டம்

இளநிலைக்கு மூன்று ஆண்டுகளும் முதுநிலைக்கு இரண்டு ஆண்டுகளுமாக மொத்தம் 300 மதிப்பலகுகள். முதன்மைப் பாடம் கல்வியியல். பள்ளியில் கற்பிக்கப்படும் பாடங்களுக்கு 60 மதிப்பலகுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. கணிதம், தாய்மொழி ஆகியவற்றோடு இசை, ஓவியம், கைத்தொழில், உடற்கல்வி ஆகியனவும் இதில் அடங்கும். ஆய்வு முறைகளைக் கற்ற பின்னர் இளநிலை, முதுநிலை இரண்டிலும் ஆய்வேடு எழுத வேண்டும்.

ஆய்வேட்டின் நோக்கம் ஆசிரியரை ஆய்வாளராக்குவது அன்று. ஒரு குழந்தை பின்னங்களில் ஏன் திரும்பத் திரும்பத் தவறு செய்கிறது என்பதைக் கவனித்துப் பதிவு செய்து, தன் கற்பித்தலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் பழக்கமே எதிர்பார்க்கப்படுகிறது. கோட்பாடு மிகுந்து வகுப்பறை அனுபவம் குறைகிறது என்ற குறையும் கூறப்படுவதுண்டு. அதை ஈடுசெய்வது பயிற்சிப் பள்ளி. இது பல்கலைக்கழகமே நடத்தும் உண்மையான பள்ளி. மருத்துவ மாணவருக்குப் போதனா மருத்துவமனை எப்படியோ, ஆசிரிய மாணவருக்கு இது அப்படி. மாணவர் பாடத்தைத் திட்டமிட்டு நடத்த, வழிகாட்டும் ஆசிரியர் வகுப்பிலிருந்து கவனித்து, பின்னர் அதுபற்றி உரையாடுகிறார்.

தாக்கம்

1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையும் பாடநூல்களுக்கு முன் அனுமதி பெறும் முறையும் கைவிடப்பட்டன. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் நாடு தழுவிய பொதுத் தேர்வும் இல்லை. கண்காணிப்பு இவ்வளவு தளர்ந்த நிலையில், ஆசிரியரின் படிப்பின் மீதே நம்பிக்கை வைக்கப்பட்டது.

2000 ஆம் ஆண்டின் பீசா மதிப்பீட்டில் பின்லாந்து மாணவர்கள் வாசிப்பில் முதலிடம் பெற்றபோது, பலரும் முதுநிலைப் பட்டத்தையே காரணமாகச் சுட்டினர். 2006க்குப் பின் மதிப்பெண்கள் தொடர்ந்து சரிந்தன. பட்டத் தகுதி மாறவில்லையாதலால், அதை மட்டுமே அன்றைய வெற்றிக்குக் காரணமாகக் கொள்வது கடினம்.

மழலையர் கல்வி ஆசிரியர் பயிற்சி 1995 இல்தான் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதற்கு இளநிலைப் பட்டமே போதுமானது.