தேடல் முடிவில் தளத்தின் தலைப்பும் விவரமும்

கூகுள், பிங் போன்ற தேடுபொறிகளில் ஒன்றைத் தேடும்போது, ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு தலைப்பும் அதன்கீழ் ஓரிரு வரி விவரமும் தோன்றும். இவ்விரண்டையும் தள உரிமையாளர் எழுதித் தரலாம். அப்படியே காட்ட வேண்டும் என்று தேடுபொறியைக் கட்டாயப்படுத்த முடியாது.

தலைப்புக்கு முதன்மையான ஆதாரம், பக்கத்தின் நிரலில் உள்ள டைட்டில் என்னும் குறிச்சொல். அது விடுபட்டிருந்தாலோ, எல்லாப் பக்கங்களிலும் ஒன்றாகவே இருந்தாலோ, பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள தலைப்பு, பிற தளங்கள் இணைப்பு கொடுத்த சொற்கள் முதலியவற்றிலிருந்து கூகுள் வேறொன்றை அமைத்துக்கொள்ளும். 2021 ஆகஸ்டில் இம்முறை மாற்றப்பட்டபோது தள உரிமையாளர்கள் பலர் குறைகூறினர். அடுத்த மாதம் சில திருத்தங்களைச் செய்த கூகுள், ஏறத்தாழ 87 விழுக்காடு டைட்டில் குறிச்சொல்லையே பயன்படுத்துவதாக அறிவித்தது.

விவரத்துக்கு உரியது மெட்டா டிஸ்கிரிப்ஷன். ஆனால் தேடிய சொல்லுக்குப் பொருந்தும் வரி பக்கத்தின் உரையில் இருந்தால் பெரும்பாலும் அதுவே காட்டப்படும். நீளத்துக்கும் நிலையான வரம்பில்லை. 2017 டிசம்பரில் நீட்டப்பட்ட விவரம் 2018 மே மாதம் மீண்டும் சுருங்கியது. எழுத்துகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட முக்கியமான செய்தியை முதல் தொடரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு காலத்தில் இந்த விவரத்தை மூன்றாம் நபர் ஒருவரும் எழுதினார். 1998இல் தொடங்கிய டிமோஸ் என்னும் திறந்த இணைய அடைவில் தன்னார்வலர்கள் தளங்களைப் பட்டியலிட்டு ஓரிரு வரி எழுதிவைப்பர். தேடுபொறிகள் அதை எடுத்துக் காட்டியதால், தளமே மாறிவிட்ட பின்னும் பழைய விவரம் தொடர்ந்தது. இதைத் தடுக்க 2006இல் நோஓடிபி என்னும் குறிச்சொல் வந்தது. 2017 மார்ச்சில் டிமோஸ் மூடப்பட்டதால் இன்று அதற்கு வேலையில்லை. பழைய வார்ப்புருக்களில் இருந்தால் நீக்கிவிடலாம், விட்டுவைத்தாலும் கேடில்லை.

விவரமே வேண்டாம் என்றால் நோஸ்னிப்பெட். அளவை மட்டும் குறைக்க மேக்ஸ்-ஸ்னிப்பெட், உரையின் ஒரு பகுதியை மட்டும் மறைக்க டேட்டா-நோஸ்னிப்பெட் ஆகியவற்றைக் கூகுள் 2019இல் அறிமுகப்படுத்தியது.

பலர் தடுமாறும் இடம் ரோபோட்ஸ் கோப்பு. மாணவர் மதிப்பெண் பட்டியல் உள்ள பக்கத்தை மறைக்க எண்ணி அக்கோப்பில் தடைபோட்டால், தேடுபொறி பக்கத்தைப் படிக்காது. ஆனால் வேறு தளத்தில் இணைப்பு இருந்தால் அதன் முகவரி விவரமின்றி முடிவுகளில் தோன்றலாம். பக்கத்துக்குள் நோஇண்டெக்ஸ் எழுதியிருந்தாலும், படிக்கவே விடாததால் அக்கட்டளை தேடுபொறிக்குத் தெரியாது. எனவே தடையை எடுத்துவிட்டு நோஇண்டெக்ஸ் இட வேண்டும். உண்மையிலேயே பிறர் பார்க்கக்கூடாத பட்டியல் என்றால், அதைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைப்பதுதான் வழி.